உடைந்த பேண்டின் பாதி ஆல்பத்தை வெளியிடலாமா? 'லெட் இட் பீ' பஞ்சாயத்தும் சேர்த்து

வடபழனி பேஸ்:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2013இல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தமிழ் ராக் பேண்டு வைத்திருந்தோம். சாலிகிராமத்தில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடைக்கு மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ, அங்கே ஏழு பாட்டு ரிக்கார்டு செய்ய ஆரம்பித்தோம். நாலு முடிந்தது, மூன்று பாதியில் நிற்கிறது. அதற்குள் சண்டை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், சிடி அட்டையில் யார் பெயர் முதலில் என்பதுதான். அதோடு பேண்டு காலி. ஹார்ட் டிஸ்க் மட்டும் என் ஜாபர்கான்பேட்டை வீட்டுப் பரணில் கிடந்தது. 2015 வெள்ளத்தில் கீழே இருந்த ஆம்ப், கிதார், கட்டில், பீரோ எல்லாம் போயும் அது தப்பிவிட்டது. போன மாதம் ஒரு கேபிள் வாங்கிச் செருகிப் பார்த்தேன், ஓடுகிறது.

இப்போது ஆசை வந்துவிட்டது. தெரிந்த வயலின்காரர் ஒருவர் இருக்கிறார், அவரை வைத்து அந்த மூன்று பாட்டின் ஓட்டையையும் அடைத்து வெளியிடலாம் என்று பார்க்கிறேன். பாடகன் சரி என்கிறான். கிதார்காரன் "என்னமோ பண்ணு" என்கிறான். டிரம்மர் மட்டும் முடியாது என்கிறான். ஒரே வரி மெசேஜ்: "ஸ்பெக்டர் வேலை பார்க்காதே."

புரியாதவர்களுக்கு: பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து ராக் பேண்டு 1969 ஜனவரியில் பாதியில் போட்டுவிட்டுப் போன டேப்புகளை அடுத்த வருஷம் பில் ஸ்பெக்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் கொடுத்து 'லெட் இட் பீ' என்று வெளியிட்டார்கள். பேண்டு உடைந்த செய்தி 1970 ஏப்ரல் 10 அன்று வந்தது, தட்டு மே 8 அன்று. அந்த ஸ்பெக்டர் செய்தது சரியா தப்பா? சொல்லுங்கள், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

பழைய பிளேட்டு:
தம்பி, உங்கள் டிரம்மர் சொல்வதுதான் சரி. என்னிடம் இருப்பது தம்தம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. தட்டு, மூர் மார்க்கெட் எரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அங்கே வாங்கியது. நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' வந்தால் ஊசியைத் தூக்கிவிடுவேன்.

அந்த ஆல்பத்தின் எண்ணமே வேறு. ஸ்டூடியோ வித்தை எதுவும் வேண்டாம், ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிப்போம், மேலே எதுவும் ஒட்ட வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புக் கொட்டகையில் குளிரில் காலையிலேயே கேமரா வைத்துவிட்டார்கள், 10ஆம் தேதி ஜார்ஜ் ஹாரிசன் எழுந்து போய்விட்டார், பிறகு சமாதானமாகி லண்டன் சவில் ரோவில் சொந்த ஆபீஸின் அடித்தளத்துக்கு மாறினார்கள், 22ஆம் தேதி பில்லி பிரெஸ்டன் கீபோர்டுக்கு வந்தார், 30ஆம் தேதி அதே கட்டடத்து மொட்டை மாடியில் வாசித்தார்கள், போலீஸ் வந்தது. இவ்வளவும் அந்த டேப்பில் இருக்கிறது. கிளின் ஜான்ஸ் என்ற என்ஜினியர் அதை உள்ளபடியே, பிசிறோடு ஆல்பமாகக் கோர்த்துக் கொடுத்தார், இரண்டு தடவை. இரண்டையும் பேண்டு வேண்டாம் என்றது.

அப்புறம் ஸ்பெக்டர் வந்தார். 'லாங் அண்ட் வைண்டிங் ரோடு' என்ற அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் 18 வயலின், 4 வியோலா, 4 செல்லோ, ஹார்ப், டிரம்பெட், டிரம்போன், போதாததற்கு 14 பெண்குரல். பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து பாடிய பாட்டு அது. அவரிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. ஏப்ரல் 14 அன்று அவர் கடிதம் எழுதினார்: வயலினைக் குறை, ஹார்ப்பை எடுத்துவிடு, இனிமேல் இப்படிச் செய்யாதே. ஒன்றும் நடக்கவில்லை. வருஷக் கடைசியில் பேண்டைக் கலைக்கக் கோர்ட்டுக்குப் போனபோது இந்தப் பாட்டுக்கு நேர்ந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார். கல்யாண வீட்டில் சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டியது மாதிரி செய்துவிட்டு அதை ருசி என்றால் நான் என்ன சொல்ல.

மிக்ஸர் பாண்டி:
சார், மரியாதையோடு சொல்கிறேன், அந்தப் பாட்டில் பேஸ் கிதாரை மட்டும் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? அதை வாசித்தது ஜான் லெனன். வரிசையாகத் தப்பு. சுருதி விட்டு, இடம் விட்டு. நான் கோடம்பாக்கத்தில் பதினோரு வருஷமாக மிக்ஸிங் செய்கிறேன், இப்படி ஒரு டிராக் என்னிடம் வந்தால் நான் செய்யும் முதல் வேலை மேலே ஏதாவது போட்டு மூடுவதுதான். ஸ்பெக்டரும் அதைத்தான் செய்தார். கொஞ்சம் கூடப் போட்டுவிட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கைக்கு வந்தது என்ன? மோசமாக ரிக்கார்டு செய்த, மனசே இல்லாமல் வாசித்த சரக்கு, அதை வைத்து மனுஷன் ஏதோ ஒன்றைத் தேற்றினார் என்று லெனனே பின்னால் பேட்டியில் சொன்னார், இதைவிடக் கெட்ட வார்த்தையில்.

'ஐ மீ மைன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 ஜனவரி 3 அன்று லெனன் இல்லாமல் மூன்று பேர் வாசித்தது, மொத்தமே ஒன்றரை நிமிஷம் சொச்சம்தான். ஸ்பெக்டர் டேப்பை வெட்டி நடுப்பகுதியைத் திரும்பப் போட்டு இரண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொண்டுவந்தார். கேட்டால் ஒட்டு எங்கே என்று தெரியாது. இதுதான் கைவேலை.

இன்னொன்று, பால் வெறுத்த அந்த வயலின் வடிவம்தான் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து முதலிடம் பிடித்தது. அங்கே அவர்களுக்கு அதுவே கடைசி முதலிடம். ஜனங்கள் ஊசியைத் தூக்கவில்லை சார்.

சும்மா வந்தவன்:
ஜனங்கள் நிறைய விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள் பாண்டி, மார்கழி மாசம் எங்கள் தெரு கூம்பு ஸ்பீக்கரைக்கூட.

சந்திரிகை ரசிகை:
எனக்கு ராக் இசை அவ்வளவாகத் தெரியாது, தம்பி வாங்கி வந்த கேசட்டில் கேட்டதோடு சரி. ஆனால் இந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' பாதியில் நிற்கிறது. நூறு வருஷமாக அப்படியேதான் அச்சாகிறது. யாரும் மிச்சத்தை எழுதிச் சேர்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் வேறு கதை ஆரம்பித்திருக்கும், முதல் தடவை எனக்கு ஏதோ பக்கம் கிழிந்துவிட்டது என்றே தோன்றியது, நூலகத்தில் இன்னொரு பிரதி எடுத்துச் சரிபார்த்தேன். இன்னொரு பக்கம் கல்கி. 1954 டிசம்பரில் 'அமரதாரா' தொடரைப் பாதியில் விட்டுவிட்டு இறந்துபோனார், அவர் வைத்திருந்த குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்தார். அதையும் படித்திருக்கிறேன், யாரும் சண்டைக்குப் போகவில்லை.

ஆக, முடிப்பதா அப்படியே விடுவதா என்பது அல்ல என் கேள்வி. எங்கே அவர் நிறுத்தினார், எங்கே மற்றவர் ஆரம்பித்தார் என்று வாசகருக்குச் சொன்னார்களா? 'அமரதாரா'வில் எனக்குத் தெரியும். 'லெட் இட் பீ' தட்டில் தெரியுமா?

பழைய பிளேட்டு:
நல்ல கேள்வி அம்மா. பின் அட்டையில் ஸ்பெக்டர் பெயர் இருக்கிறது, ஆனால் எது ஒட்டு எது அசல் என்று கேட்பவனுக்குத் தெரியாத மாதிரிதான் செய்திருக்கிறார். ஒரு உதாரணம். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'கெட் பேக்' முடிந்ததும், ஆடிஷனில் பாஸ் ஆகிவிட்டோம் என்று நம்புகிறேன் என்று லெனன் கிண்டலாகச் சொல்வது கேட்கும். மொட்டை மாடியில் சொன்னது அது. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் கேட்ட பாட்டு மாடியில் வாசித்தது இல்லை, மூன்று நாள் முன்னால் 27ஆம் தேதி கீழே அடித்தளத்தில் வாசித்தது. மாடிப் பேச்சை வெட்டிக் கொண்டுவந்து வாலில் ஒட்டிவிட்டார். இருபது வருஷம் நான் அதை மாடியில் வாசித்தது என்றே நண்பர்களிடம் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஏமாந்தது வெட்கம், அதைவிட வெட்கம் நன்றாக இருந்தது என்பது.

இவர்களுக்கு எல்லாம் ஆஸ்தான தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னாராம், அட்டையில் "தயாரிப்பு ஜார்ஜ் மார்ட்டின், அதிகத் தயாரிப்பு பில் ஸ்பெக்டர்" என்று போட்டிருக்க வேண்டும் என்று.

மிக்ஸர் பாண்டி:
அப்படியானால் 2003இல் வந்த 'லெட் இட் பீ... நேக்கட்' பற்றியும் பேசிவிடுவோம். ஸ்பெக்டர் போட்டதை எல்லாம் உரித்துவிட்டோம், இதுதான் நாங்கள் நினைத்த ஆல்பம் என்று வெளியிட்டார்கள். உரித்தார்களா? 'லாங் அண்ட் வைண்டிங் ரோடு' அதில் வேறு டேக், 31ஆம் தேதி வாசித்தது. 'ஐவ் காட் எ ஃபீலிங்', 'டோன்ட் லெட் மி டவுன்' இரண்டும் மாடியில் இரண்டு தடவை வாசித்ததை வெட்டி ஒன்றாக்கியது. பேச்சு, சிரிப்பு, தப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்தாயிற்று. ஸ்பெக்டர் பவுடர் போட்டார், இவர்கள் ஃபேஷியல் செய்தார்கள். ஆனால் பெயர் மட்டும் அம்மணம்.

உண்மையில் அம்மணமானது 2021இல் பெட்டியில் சேர்த்து வெளியிட்ட கிளின் ஜான்ஸ் மிக்ஸ்தான். அதை எத்தனை பேர் முழுசாகக் கேட்டீர்கள்? பழைய பிளேட்டு சார் உட்பட. கை தூக்குங்கள்.

பழைய பிளேட்டு:
இரண்டு தடவை. இரண்டாவது தடவை தூங்கிவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தூக்கம் வந்தால் வரட்டுமே. தூங்க வைக்கிறது என்பதற்காக 14 பேரை வைத்து 'ஆ... ஆ...' பாட வைக்க வேண்டுமா?

கிண்டி வக்கீல்:
இசை பற்றி எனக்குக் கருத்து இல்லை, இளையராஜாவோடு நின்றவன். ஆனால் ஆரம்பித்தவருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், வாசித்தவருக்கும் பாடியவருக்கும் தனி உரிமை இருக்கிறது, 50 வருஷம். 2012இல் திருத்தம் செய்து 38பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தன் வாசிப்பைத் தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி சிதைத்தால் தடுக்கலாம் என்பது அதன் சாரம். வெறும் எடிட்டிங் அதில் வராது என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். ரிக்கார்டிங்குக்குத் தயாரிப்பாளர் யார் என்றால், முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்று நடத்தியவர். ஸ்டூடியோ வாடகை யார் கொடுத்தது? ரசீது இருக்கிறதா? மூன்று பேர் சரி சொன்னார்கள் என்பதால் நாலாவது ஆளின் உரிமை போய்விடாது. வாட்ஸாப்பில் "என்னமோ பண்ணு" என்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், நான் இதைவிடத் தெளிவான சம்மதத்தை எல்லாம் கோர்ட்டில் உடைத்திருக்கிறேன்.

சும்மா வந்தவன்:
வக்கீல் சார் வந்ததும் பாட்டு நின்றுவிட்டது, கவனித்தீர்களா.

மிக்ஸர் பாண்டி:
சட்டம் சரி. ஆனால் பீட்டில்ஸ் விஷயத்திலும் ஸ்பெக்டர் சுவர் ஏறிக் குதித்து வரவில்லை. 1970 ஜனவரியில் லெனன் பாட்டு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார், அந்தப் பாட்டில் ஹாரிசனும் வாசித்தார். அதற்கு அப்புறம்தான் இந்த டேப்பைக் கொடுத்தார்கள். பின்னாலும் இரண்டு பேரும் தங்கள் தனி ஆல்பங்களுக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். பிடிக்காமலா கூப்பிடுவார்கள்? சினிமாவும் தயாராக நின்றது, அதற்கு ஒரு தட்டு வேண்டும். டேப்பை அலமாரியிலேயே வைத்திருந்தால் இன்றைக்கு நாம் சண்டை போட ஒன்றும் இருந்திருக்காது.

சம்மதம் வாங்கிச் செய்தால் தப்பே இல்லை என்பது என் கட்சி. நம் ஊரிலேயே 2024இல் 'லால் சலாம்' படத்தில் ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இரண்டு பேர் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், பணமும் கொடுத்தோம் என்று அவரே சொன்னார். அதே வருஷம் 'கோட்' படத்தில் யுவன் மறைந்த தன் அக்கா பவதாரிணியின் குரலைக் கொண்டுவந்தார். தப்பா?

சந்திரிகை ரசிகை:
பவதாரிணி பாட்டை நான் பஸ்ஸில் கேட்டு அழுதேன், அதனால் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாண்டி, இறந்தவரும் இருப்பவரும் ஒன்றா? இறந்தவரிடம் கேட்க வழியில்லை, அதனால் குடும்பத்தைக் கேட்கிறோம். பால் மெக்கார்ட்னி லண்டனிலேயே இருந்தார், போன் இருந்தது. ஆரம்பித்தவரின் டிரம்மரும் இருக்கிறார், போன் இருக்கிறது. ஆள் இருக்கும்போதே இல்லாத மாதிரி வேலை செய்வதுதான் எனக்கு உறுத்துகிறது. வயலின் இருபதா இருநூறா என்பது எனக்குப் பெரிசு இல்லை.

வடபழனி சார், நீங்கள் ஒன்றைச் சொல்லவே இல்லையே. அவர் ஏன் வேண்டாம் என்கிறார்?

வடபழனி பேஸ்:
கேட்கவில்லை மேடம். பத்து வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு எடுத்தவுடன் "ஏன்" என்று கேட்க வாய் வரவில்லை.

ஆனால் நேற்று ராத்திரி மறுபடி அந்தப் பாதிப் பாட்டைக் கேட்டேன். மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணம். அந்த வருஷத்துக் கரண்ட் கட் ஞாபகம் இருக்கிறதா? பாடகன் நடுவரியில் இருக்கும்போது கரண்ட் போகிறது. கிதார் ஆம்ப் யூபிஎஸ்ஸில் இல்லை, அதனால் கிதார் டக்கென்று செத்துவிடுகிறது. கம்ப்யூட்டரும் மைக்கும் யூபிஎஸ்ஸில் ஓடுகின்றன. பாடகன் நிறுத்திவிடுகிறான், என் பேஸும் இல்லை. டிரம்ஸ் மட்டும் இருட்டில் இன்னும் இரண்டு தாளச் சுற்று தனியாகப் போகிறது, ஒரு அடி தவறாமல். அப்புறம் யூபிஎஸ் கீ... கீ... என்று கத்துகிறது. கீழே கடையில் யாரோ இரும்பு நாற்காலிகளை அடுக்கும் சத்தம். கதவு திறக்கிறது, கண்ணாடி டம்ளர்கள் இடிக்கும் சத்தம், அவன் குரல்: "கரண்ட் போச்சு, டீ வந்துச்சு." நாலு பேரும் சிரிக்கிறோம். அதில் என் சிரிப்புதான் பெரிசு. அடுத்த நாள்தான் சண்டை.

நான் வயலின் போட நினைத்தது அந்த இடத்தில்தான்.

மிக்ஸர் பாண்டி:
அந்தக் கீ சத்தத்தை எடுப்பது பத்து நிமிஷ வேலை. ஒரே ஃப்ரீக்வென்ஸி.

எடுத்துக் கொடுக்கச் சொன்னால் காசு வாங்காமல் எடுத்துத் தருவேன். ஆனால் எடுக்கச் சொல்லாதீர்கள். இவ்வளவு நேரம் ஸ்பெக்டருக்கு வக்காலத்து வாங்கியவன்தான் நான், இது வேறு கேஸ். தப்பான பேஸை மூடலாம். இதில் தப்பே இல்லையே, கரண்ட்தானே போயிருக்கிறது.

பழைய பிளேட்டு:
பாண்டி தம்பி என் பக்கம் வந்துவிட்டார். தேதி குறித்து வைத்துக்கொள்கிறேன்.

மிக்ஸர் பாண்டி:
வரவில்லை சார். 'லாங் அண்ட் வைண்டிங் ரோடு' விஷயத்தில் நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன். 'அக்ராஸ் தி யுனிவர்ஸ்' விஷயத்திலும். 1968 பிப்ரவரியில் ரிக்கார்டு செய்து, எங்கே போடுவது என்று தெரியாமல் வனவிலங்கு நிதிக்கான ஒரு தட்டுக்குத் தூக்கிக் கொடுத்த பாட்டு அது. ஸ்டூடியோ வாசலில் நின்ற இரண்டு ரசிகைகளைக் கூப்பிட்டு உச்சஸ்தாயி பாட வைத்திருந்தார்கள், பறவைச் சத்தம் வேறு. ஸ்பெக்டர் அதையெல்லாம் எடுத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, அந்த "ஜெய் குரு தேவா ஓம்" தரையில் கால் படாமல் மிதக்கும்படி செய்தார். அதைக் கெடுத்தார் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய பிளேட்டு:
அந்த ஒன்று சரி. அதில் மட்டும் ஊசியைத் தூக்குவதில்லை.

வடபழனி தம்பிக்கு ஒரு தகவல், எதற்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1970 ஏப்ரல் 1 அன்று அந்த வயலின் கூட்டத்தை எல்லாம் வைத்து ஸ்பெக்டர் ரிக்கார்டு செய்த நாளில் லெனன் இல்லை, பால் இல்லை, ஜார்ஜ் இல்லை. பேண்டிலிருந்து வந்து உட்கார்ந்து வாசித்த ஒரே ஆள் ரிங்கோ. டிரம்மர்.

கிண்டி வக்கீல்:
ஸ்டூடியோ வாடகை ரசீது கேட்டேன், பதில் இல்லை.

வடபழனி பேஸ்:
ரசீது வெள்ளத்தோடு போச்சு சார். வாடகை நாலு பேரும் பங்கு போட்டதுதான்.

வயலின்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலையில் அந்த இடத்தை மட்டும் நாற்பது விநாடி வெட்டி, எதுவும் துடைக்காமல், டிரம்மருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை. மத்தியானம் வரை ஒற்றை டிக். அப்புறம் இரண்டு டிக். அப்புறம் நீலம். "டைப் செய்கிறார்" என்று மூன்று தடவை வந்து வந்து போயிற்று, நான் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

நாலரை மணிக்குப் பதில் வந்தது:

"அந்த டீக்குக் காசு கொடுத்தது நான்தான். இன்னும் முப்பது ரூபாய் வர வேண்டும்."

சும்மா வந்தவன்:
வக்கீல் சார், இது சம்மதமா?